கண் ரோபோவுக்கா, அறைக்கா?

கேள்வி இது: "இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு 'மனிதருக்கும் ரோபோவுக்கும் உதவும் சென்சார் அறை' என்று கைடு தலைப்புக் கொடுத்திருக்கிறார். இப்போது ரோபோவிலேயே லைடார் (லேசரால் தூரம் அளக்கும் சென்சார்), கேமரா எல்லாம் மலிவாக வந்துவிட்டதே. அறைக்குள் சென்சார் பதிப்பது பழைய காலத்து யோசனை இல்லையா? கடையில் விற்கும் ஸ்மார்ட் ஹோம் சாமான்களுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?"

பழைய யோசனைதான். ஆனால் செத்துப்போகவில்லை. ரோபோ தன் கண்ணால் பார்க்க முடியாததை அறை பார்த்துச் சொல்ல வேண்டிய இடங்களில் இன்றும் அதுதான் வழி. ரோபோ தானே பார்த்துக்கொள்ளக்கூடிய இடத்தில் கூரை முழுக்க சென்சார் மாட்டுவது வீண் செலவு. இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதுதான் உங்கள் ப்ராஜெக்டின் உண்மையான கேள்வி.

ஸ்மார்ட் ஹோம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கடையில் வாங்கும் ஸ்மார்ட் பல்புக்குத் தான் எரிகிறோமா இல்லையா என்பது தெரியும். வாசல் சென்சாருக்குக் கதவு திறந்திருக்கிறதா என்பது தெரியும். அந்தக் கதவுக்கும் பல்புக்கும் எத்தனை அடி, நடுவில் யார் நிற்கிறார், எந்தப் பக்கம் நடக்கிறார் என்று கேட்டால் பெரும்பாலான சாதனங்களுக்குப் பதில் தெரியாது. நீங்கள் எடுத்திருக்கும் துறையின் உயிரே இந்த "எங்கே"தான். அறையின் ஒரு மூலையைத் தொடக்கப் புள்ளியாக வைத்து, எல்லா சென்சாரும் எல்லா ரோபோவும் அந்த ஒரே அளவுமுறையில் பேச வேண்டும். கேமரா "ஆள் ஒருவர் இரண்டு மீட்டர் கிழக்கே நிற்கிறார்" என்றால், ரோபோவுக்கும் அதே கிழக்கு, அதே இரண்டு மீட்டர். கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் பாதி வேலை இதிலேயே போய்விடும்.

யோசனை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது வைவாவில் கைகொடுக்கும். கணினி மேசையை விட்டு இறங்கி அறைக்குள் கரைந்துபோக வேண்டும் என்று அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' ஆய்வகத்தில் இருந்த மார்க் வைசர் 1991-ல் எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஊழியர்கள் சட்டையில் அகச்சிவப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நடந்தார்கள். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று அது சொல்லும். அடுத்த கட்டமாக அங்கேயே மீயொலியில் இயங்கும் 'பேட்' என்ற கருவி வந்தது. அதன் துல்லியம் சில சென்டிமீட்டர். பத்தாயிரம் சதுர அடிக் கட்டிடத்துக்கு 700-க்கும் மேற்பட்ட ஏற்பிகளைக் கூரையில் பதிக்க வேண்டியிருந்தது. இந்த எண்ணிக்கையை நினைவில் வையுங்கள், பின்னால் பேசுவோம்.

இவையெல்லாம் மனிதருக்கான ஏற்பாடுகள். ரோபோவையும் உள்ளே கொண்டுவந்து, "அறையே ஒரு ரோபோ, அதற்குள் ஓடும் வண்டி அதன் கை" என்கிற மாதிரி யோசித்தவர்கள் பெரும்பாலும் ஜப்பானியர்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தோமோமாசா சாட்டோவின் குழு 1990-களில் 'ரோபாட்டிக் ரூம்' கட்டியது. படுக்கையில் அழுத்த சென்சார்கள், கூரையில் கேமரா, படுத்திருப்பவர் கைகாட்டும் பொருளை எடுத்துக் கொடுக்க ஓர் இயந்திரக் கை. அதே பல்கலைக்கழகத்தில் ஹிதெகி ஹாஷிமோட்டோவின் ஆய்வகம் 1996-ல் 'இன்டெலிஜென்ட் ஸ்பேஸ்' என்று பெயர் வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. உங்கள் தலைப்பு நேராக இதிலிருந்து வருவதுதான்.

ஹாஷிமோட்டோ குழுவின் அடிப்படைச் செங்கல் 'டிண்ட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பெட்டி. சென்சார், அதற்கென்று ஒரு சிறு கணினி, நெட்வொர்க் இணைப்பு, மூன்றும் சேர்ந்தது ஒரு டிண்ட். எல்லா வீடியோவையும் ஒரு பெரிய சர்வருக்கு அனுப்பி அங்கே அலசுவதில்லை. பெட்டி தான் பார்த்ததை அங்கேயே அலசி, "இன்ன இடத்தில் இன்னார்" என்ற சிறு செய்தியை மட்டும் வெளியே அனுப்பும். இன்று எட்ஜ் கம்ப்யூட்டிங் என்று புதிதாகப் பேசுவதை இவர்கள் அப்போதே செய்தார்கள், அன்றைய கணினிகளின் வேகத்தில்.

இந்தக் குழுவின் 1997-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ரோபோவுக்கு அறையின் வரைபடம் வேண்டும். வழக்கமாக என்ன செய்வோம்? ரோபோவை அறை முழுக்க ஓட்டி, சுவர் எங்கே மேசை எங்கே என்று அளந்து படம் போடுவோம். இவர்கள் ரோபோவை ஓட்டவே இல்லை. கேமராக்கள் மனிதர்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தன. மனிதர்கள் திரும்பத் திரும்ப நடக்கும் தடங்களைக் கோர்த்தால் அதுவே பாதை வரைபடம். எங்கே நிற்கிறார்கள், எங்கே திரும்புகிறார்கள் என்பதிலிருந்து முக்கியமான இடங்களும் கிடைத்துவிடும். ஆள் நடந்த இடத்தில் வண்டியும் போகலாம் என்பது கணக்கு. எல்லா இடத்திலும் இது சரிவராது. வாசற்படியை ஆள் தாண்டிவிடுவார், சக்கரம் தாண்டாது. ஆனாலும் அறை மனிதனிடம் கற்று ரோபோவுக்குச் சொல்லிக்கொடுக்கிறது என்ற அந்தச் சுற்று அழகானது. ரோபோவின் தலையில் எத்தனை லைடார் வைத்தாலும், தினமும் மக்கள் எந்த வழியாகப் போய்வருகிறார்கள் என்பது அதற்கு முதல் நாளே தெரிந்திருக்காது.

அடுத்த சிக்கல், ஒரு பெட்டி இன்னொன்றிடம் ரோபோவைக் கைமாற்றுவது. ரோபோ ஒரு கேமராவின் எல்லையைத் தாண்டி அடுத்ததன் எல்லைக்குள் நுழைகிறது. இரண்டும் அதைப் பார்க்கின்றன, இரண்டும் கொஞ்சம் வேறுபட்ட இடத்தைச் சொல்கின்றன. யார் பேச்சைக் கேட்பது? டிண்ட் முறையில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு பெட்டிதான் அந்த ரோபோவுக்குப் பொறுப்பு. தான் பார்ப்பது எவ்வளவு நம்பகம் என்று ஒவ்வொரு பெட்டியும் மதிப்பிட்டுக்கொள்ளும். பக்கத்துப் பெட்டியின் மதிப்பு கூடும்போது பொறுப்பு கைமாறும். இரண்டு எல்லைகளும் போதுமான அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ரோபோ அநாதையாகிவிடும். மாணவர் ப்ராஜெக்டுகள் பெரும்பாலும் ஒரு கேமராவோடு நின்றுவிடுவது இதனால்தான். ஒரு கேமராவில் டெமோ நன்றாக இருக்கும். இரண்டாவதை மாட்டினால்தான் பாடம் தொடங்குகிறது.

இனி, ரோபோவிலேயே லைடார் வந்துவிட்டதே என்ற உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. 1990-களின் கடைசியில் நல்ல லேசர் ஸ்கேனர் ஒன்றுக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆனது. 2010-ல் நீட்டோ நிறுவனம் தரை பெருக்கும் ரோபோவிலேயே சுழலும் லேசரை வைத்து விற்றது. தானே படம் போட்டு, தானே அதில் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. "நான் எங்கே இருக்கிறேன்" என்ற கேள்விக்கு அறையின் உதவி தேவையில்லாமல் போய்விட்டது. கூரையில் எழுநூறு ஏற்பி மாட்டுவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? அந்த அளவில் உங்கள் சந்தேகம் சரி.

ஆனால் கொண்டை ஊசி வளைவில் குவிந்த கண்ணாடி ஒன்று நட்டு வைத்திருப்பார்களே, அதை நினைத்துப் பாருங்கள். பஸ் டிரைவருக்கு எவ்வளவு நல்ல கண் இருந்தாலும் மலைக்குப் பின்னால் வரும் லாரி தெரியாது. அங்கே கண் இடத்துக்குத்தான் வேண்டும். மருத்துவமனை வராந்தாவின் முனையில், கதவுக்கு அந்தப் பக்கம், லிஃப்டுக்குள், ஆள் நெருக்கத்தின் பின்னால் ரோபோவுக்கு இதே நிலைமைதான்.

ஒசாகாவின் கடைவீதிகளில் கியோட்டோ அருகிலுள்ள ஏடிஆர் ஆய்வகத்தினர் செய்த வேலைகளைப் பாருங்கள். ஏடிசி என்ற வணிக வளாகத்தில் 49 முப்பரிமாண சென்சார்களை மேலே மாட்டி, சுமார் 900 சதுர மீட்டர் பரப்பில் நடக்கும் ஒவ்வொருவரின் இடம், உயரம், உடல் திரும்பியிருக்கும் திசை ஆகியவற்றைப் பதிவு செய்தார்கள். 2012 அக்டோபரிலிருந்து 2013 நவம்பர் வரை எடுத்த அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குப் பொதுவில் கிடைக்கிறது. உங்கள் ப்ராஜெக்டுக்கே பயன்படுத்தலாம்.

இதற்கு முன்பே அவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருந்தார்கள். ரோபோ வழிப்போக்கர்களிடம் போய்ப் பேச்சுக் கொடுக்க முயன்றால் பலரும் கண்டுகொள்ளாமல் போய்விடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் வெறுப்பு இல்லை. ரோபோ பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ மெதுவாக வருவதால், அது தன்னிடம்தான் பேசுகிறது என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை. மனிதனைவிட மெதுவாக நகரும் வண்டி, ஆளைப் பார்த்த பிறகு துரத்தினால் எட்டிப் பிடிக்காது. வழியோரம் வைத்த லேசர் சென்சார்கள் தூரத்திலிருந்தே ஒருவரின் நடையைப் பார்த்து, இவர் அவசரமாகப் போகிறாரா, வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறாரா, எந்தப் பக்கம் வருவார் என்று ஊகித்துச் சொன்னால், ரோபோ முன்கூட்டியே அவர் எதிரில் போய் நிற்க முடியும். அப்படிச் செய்தபோது கவனிக்காமல் போனவர்கள் குறைந்தார்கள்.

இன்னொரு ஆய்வு 2015-ல் வெளிவந்தது. வணிக வளாகத்தில் தனியாகச் சுற்றிய ரோபோவை குழந்தைகள் மறித்தார்கள், உதைத்தார்கள், குத்தினார்கள். பெரியவர் பக்கத்தில் இல்லாதபோது, ஒன்றுக்கு மேற்பட்ட வாண்டுகள் சேர்ந்தால் வம்பு ஆரம்பிக்கும். ஆய்வாளர்கள் கண்டுபிடித்த தற்காப்பு வேடிக்கையானது. 140 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவர்கள் சூழ்ந்தால், அதற்கு மேல் உயரமுள்ள ஒருவரைத் தேடி அவர் அருகே ரோபோ ஓடிப்போய் நின்றுகொள்ள வேண்டும். அப்பா அம்மா இருக்கும் இடத்தில் பிள்ளைகள் அடங்குவார்கள். இதற்கு ஆள் உயரம் தெரிய வேண்டும், சற்றுத் தள்ளி யார் நிற்கிறார் என்பதும் தெரிய வேண்டும். கூரையிலிருந்து பார்க்கும் சென்சாருக்கு இது சர்வசாதாரணம். நாலு பிள்ளைகள் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்போது ரோபோவின் சொந்தக் கேமராவுக்கு இது பெரும்பாடு.

கிடங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. அமேசான் 2012-ல் 77.5 கோடி டாலருக்கு வாங்கிய கீவா நிறுவனத்தின் கிடங்கு ரோபோக்கள் புத்திசாலிகள் இல்லை. தரையில் வரிசையாக ஒட்டிய கட்டக் குறியீடுகளைக் கீழ்நோக்கிய கேமராவால் படித்துக்கொண்டே போகும். ஸ்டிக்கருக்கு மின்சாரமும் வேண்டாம், நெட்வொர்க்கும் வேண்டாம். இடத்துக்குள் அறிவைப் பதிப்பதில் உலகிலேயே மிக மலிவான, மிக வெற்றிகரமான முறை இதுதான் என்பேன். ஆனால் அது மனிதர் நுழையாத வேலிக்குள் நடப்பது. பழுது பார்க்க ஆள் உள்ளே போக வேண்டியிருந்தால் ஒரு சிறப்பு உடுப்பு அணிந்து போகிறார்கள். அது அனுப்பும் சமிக்ஞையைக் கேட்டு ரோபோக்கள் வேகத்தைக் குறைத்து ஒதுங்குகின்றன.

வேலி இல்லாத இடத்தில்தான் விவகாரம். அங்கே சென்சார் பிரச்சினையைவிட சொந்தக்காரர் பிரச்சினை பெரியது. 2014-ல் கலிபோர்னியாவின் கூப்பர்டினோ ஹோட்டல் ஒன்றில் சாவியோக் நிறுவனத்தின் ரோபோ அறைக்கு டூத்பேஸ்ட் கொண்டுபோய்க் கொடுத்தது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த ரோபோவுக்குக் கை கிடையாது. லிஃப்ட் பொத்தானை அது அமுக்கவில்லை, லிஃப்டிடம் வைஃபை வழியாகப் பேசியது. இப்போது ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து கொண்டுபோகும் ரோபோ ஒரு கம்பெனி, துணி வண்டி இழுப்பது வேறு கம்பெனி, தரை துடைப்பது மூன்றாவது, லிஃப்ட் நான்காவது, தானியங்கிக் கதவு ஐந்தாவது. இரண்டு ரோபோக்கள் ஒரே லிஃப்டின் முன் எதிரெதிராக நின்றுகொண்டு, நீ போ என்று இரண்டும் காத்திருக்கும். இந்தத் தலைவலிக்காகத்தான் சிங்கப்பூரில் சாங்கி பொது மருத்துவமனையின் ரோபாட்டிக்ஸ் மையம் 'ஆர்எம்எஃப்' என்ற இடைநிலை மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது. இன்று 'ஓப்பன் ஆர்எம்எஃப்' என்ற பெயரில் திறந்த மூலமாகக் கிடைக்கிறது. லிஃப்ட், கதவு, வெவ்வேறு கம்பெனி ரோபோ எல்லாவற்றுக்கும் ஒரே போக்குவரத்துப் போலீஸ் வேலையை அது செய்கிறது. இன்டெலிஜென்ட் ஸ்பேஸ் யோசனை நடைமுறையில் எங்கே போய் நின்றது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். கூரைக் கேமராவைவிட லிஃப்டின் கன்ட்ரோல் போர்டு முக்கியமாகிவிட்டது.

மனிதருக்கு என்ன லாபம் என்ற பக்கத்துக்கு வருவோம். இதில் உலகம் முழுக்க எல்லோரும் போய்ச் சேருவது தனியாக இருக்கும் முதியவர்களிடம்தான். அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் 'அவேர் ஹோம்' என்று ஒரு முழு வீட்டையே ஆய்வுக்கூடமாகக் கட்டியது. அவர்களின் 'ஸ்மார்ட் ஃப்ளோர்' ஆய்வில் தரைப் பலகையின் அடியில் எடை சென்சார் வைத்து, கால் ஊன்றும் விதத்தை வைத்தே யார் நடக்கிறார் என்று 93 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கேமரா இல்லாமல், கையில் எதுவும் கட்டிக்கொள்ளாமல். ஆனால் வீட்டுத் தரையை யார் பெயர்ப்பார்கள்?

நம் ஊருக்கு இதைக் கொண்டுவந்தால் பாடப்புத்தகத்தில் இல்லாத சங்கதிகள் கிளம்பும். நடமாட்டம் கண்டறிய எல்லோரும் வாங்குவது விலை குறைந்த பிஐஆர் சென்சார். அது உடல் சூட்டுக்கும் பின்னால் இருக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. ஏசி இல்லாத வீட்டில், மே மாதம் மதியம், சுவரே முப்பத்தைந்து டிகிரிக்குப் போய்விட்டால் தோலும் சுவரும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுதான். தாத்தா எழுந்து நடந்தாலும் அது பேசாமல் இருக்கலாம். சரி என்று மில்லிமீட்டர் அலை ரேடார் வாங்கினால், அது மூச்சுவிடும்போது நெஞ்சு அசைவதையே பிடிக்கும் அளவுக்குக் கூர்மையானது. அந்தக் கூர்மைதான் வினை. சீலிங் ஃபேன் சுற்றுவதும், ஜன்னல் திரை ஆடுவதும், கொடியில் காயும் வேட்டி அசைவதும் அதற்கு ஆள் மாதிரியே தெரியும். ஃபேன் இருக்கும் இடத்தை விலக்கி வைக்கச் செட்டிங் இருக்கும், செய்யத் தவறிவிடுவார்கள். அகச்சிவப்பை வீசி ஆழம் அளக்கும் கேமரா, வெயில் நேராக விழும் திண்ணையில் குருடாகிவிடும். ஐரோப்பாவில் சோதித்த சாதனத்தின் துல்லியத்தை அப்படியே ரிப்போர்ட்டில் எடுத்துப் போடாதீர்கள்.

கேமரா வைத்தால் இதெல்லாம் தீருமே என்பீர்கள். படுக்கையறையிலும் குளியலறையிலும் யார் வைக்க விடுவார்கள்? முதியவர் விழுவது அங்கேதான் அதிகம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படுவார்கள், பார்க்கப்படுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். படத்தைப் பெட்டிக்குள்ளேயே அலசிவிட்டு "ஹாலில் ஒருவர், நிற்கிறார்" என்பதை மட்டும் வெளியே அனுப்பும் அந்த டிண்ட் ஏற்பாடு இங்கே வேறு விதத்தில் உதவுகிறது. படம் அறையை விட்டு வெளியே போவதே இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும். அப்படி அமைப்பதும், சென்சாரை நிறுத்தும் ஸ்விட்ச் அந்த முதியவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பதும் கட்டாயம் என்பது என் கட்சி.

இப்போது ப்ராஜெக்ட். வீடு முழுக்கச் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ஆங்கில 'எல்' வடிவத்தில் ஒரு வராந்தா, இரண்டு வெப்கேமரா, ஒரு சிறு சக்கர ரோபோ போதும். ரோபோ ஒரு பக்கத்திலிருந்து வருகிறது, ஆள் மறுபக்கத்திலிருந்து வருகிறார். ரோபோவின் சொந்த சென்சாரை மட்டும் நம்பி ஒரு முறை, அறை சொல்வதையும் கேட்டு ஒரு முறை ஓட்டி, முனையில் ரோபோ எவ்வளவு முன்பே வேகம் குறைக்கிறது என்று அளந்து காட்டுங்கள். கைடு கொடுத்த தலைப்பும் வரும், நீங்கள் கேட்ட கேள்விக்கு விடையும் வரும்.

ரோபோவின் முதுகில் ஏப்ரல்டேக் (கேமரா எளிதில் அடையாளம் காணும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறி) அச்சடித்து ஒட்டினால் இடம் கண்டுபிடிப்பது எளிது. தரையில் நான்கு புள்ளிகளை அளந்து வைத்து, படத்திலிருந்து தரைக்கு மாற்றும் கணக்கைப் போடுவீர்கள். அந்தக் கணக்கு தரை மட்டத்துக்கு மட்டுமே சரி. டேக் தரைக்கு மேலே இருப்பதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கேமரா மூன்று மீட்டர் உயரத்தில், ரோபோ அதன் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, டேக் தரையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் மேலே. இரண்டை மூன்றால் பெருக்கி, கேமராவுக்கும் டேக்குக்கும் உள்ள உயர வித்தியாசமான 2.7-ஆல் வகுத்தால் 2.22. ரோபோ இருபத்திரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிற்பதாக அறை நம்பும். ரோபோவின் பாதி அகலம் அது. இரண்டாவது கேமரா எதிர்ப்பக்கத்திலிருந்து இதே தப்பை எதிர்த்திசையில் செய்யும். பொறுப்பு கைமாறும் கணத்தில் ரோபோ அரை மீட்டருக்குக் கிட்டத்தட்டத் துள்ளியதாகத் தெரியும், பாவம் அதன் கன்ட்ரோலர் திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிக்கும். டேக்கின் உயரத்தைக் கணக்கில் சேர்த்தால் இது போய்விடும்.

அடுத்தது நேரம். வெப்கேமரா படம் எடுத்து, அலசி, வைஃபையில் அனுப்பி, ரோபோ கையில் சேர 200 மில்லிசெகண்ட் ஆகலாம். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போகும் வண்டி அதற்குள் இருபது சென்டிமீட்டர் போய்விட்டது. ஒவ்வொரு செய்தியிலும் படம் எடுத்த நேரத்தை முத்திரையிட்டு அனுப்புங்கள், எல்லாக் கணினியின் கடிகாரத்தையும் என்டிபி (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) வைத்து ஒன்றாக்குங்கள், ரோபோ தன் சக்கரக் கணக்கை வைத்து அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளட்டும். ரோபோக்களுக்கான திறந்த மூல மென்பொருளான ஆர்ஓஎஸ் 2-ல் நேர முத்திரைக்கும் இடைவெளி நிரப்பவும் ஏற்பாடு இருக்கிறது.

கடைசியாக, கரன்ட் போனால் ரோபோ என்ன செய்யும் என்று வெளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கண்டிப்பாகக் கேட்பார். அறையிலிருந்து அரை வினாடிக்கு எந்தச் செய்தியும் வராவிட்டால் ரோபோ வேகத்தைக் குறைத்து, தன் சொந்த சென்சாரை மட்டும் நம்பி ஊர்ந்து, முனையில் நின்றுவிட வேண்டும். டெமோ நடுவில் ரவுட்டரின் பிளக்கை நீங்களே பிடுங்கிக் காட்டிவிடுங்கள்.